ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 14

தேவானந்தம் போய் அந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருஷம்.

சாயங்காலம் வீட்டில் நினைவு ஜெபம். ஞானம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டைக் கழுவிவிட்டாள். கூடத்தில் கிடந்த இரும்புக் கட்டிலைப் புருஷனும் அவளுமாகத் தூக்கிப் பின்பக்கம் போட்டார்கள். சுவரில் மகனின் படம். பிளஸ் டூ பரீட்சை ஹால் டிக்கெட்டுக்காக எடுத்ததைப் பெரிசு பண்ணியது. அதனால் முகத்தில் சிரிப்பில்லை. ஈரத்துணியால் அவள் கண்ணாடியைத் துடைத்தாள், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். பிறகும் கையை எடுக்க மனசு வரவில்லை.

போன வருஷம் இதே நாள், இரும்புலியூர் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. அண்ணனும் தங்கையுமாக நின்றார்கள். அண்ணன் திடீரென்று கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினான். பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த மின்சார ரயில் அவனை அடித்தது. சுகிர்தா இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அவளுக்குப் பதினைந்து வயசு.

கேட்கீப்பர் கண்ணில் பட்டது அவன் குனிந்து ஓடினது மட்டும்தான்; பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். போலீஸ் கேட்டது, சர்ச் போதகர் கேட்டார், அம்மா மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். கேட் மூடினது வரைக்கும் தெரிகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பழைய பெண்ணாகவே இல்லை. ரயில் ஹாரன் கேட்டால் மூச்சு தொண்டையோடு நின்றுவிடும். விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். ராத்திரி தூக்கமில்லை. மாதாமாதம் வரவேண்டியதும் நின்றுபோயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் வகுப்பில் தூங்கி வழிந்தாள். காலாண்டுக் கணக்குப் பரீட்சையில், பேப்பரில் பெயரைக்கூட எழுதாமல் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். பத்தாம் வகுப்பு. மார்ச்சில் அரசாங்கப் பரீட்சை.

ஞானம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நின்றாள். ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டீர், இன்னொன்றையாவது விட்டுவையும் என்று கேட்டாள்.

தீபாவளி முடிந்து மழை பிடித்த நாட்களில் மாற்றம் தெரிந்தது. சுகிர்தா ராத்திரி தூங்கினாள். இன்னொரு கரண்டி சாதம் கேட்டாள். நின்றுபோனது திரும்ப வந்தது. அரையாண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸ். எழுத்து பழையபடி நேராக இருந்தது.

போன மாதம் ஞானம்மாள் சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். என் உபவாசத்துக்குக் கர்த்தர் இறங்கினார் என்றாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, எங்கள் பிள்ளைக்கும் ஜெபம் பண்ணு என்று இரண்டொருத்தி வீடு தேடி வந்தார்கள். மகன் போன வீட்டில் அவளைத் தலைநிமிர வைத்தது அந்த ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு சுகிர்தா காலையிலேயே கிளம்பிப் போனாள். இன்றைக்குக்கூடவா என்று ஞானம்மாள் கேட்டதற்கு, மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். புருஷன் யேசுதாசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், போயிட்டு வரட்டும் விடு என்றார். அவர் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். ஜெபத்துக்காக அன்று லீவு போட்டிருந்தார்.

ஞானம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் பூவும் பிஸ்கெட்டும் வாங்கினாள். பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே, மகளையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றிற்று.

பள்ளிக்கூட கேட்டில் ஆயா கங்கம்மா விளக்குமாற்றோடு நின்றாள்.

"ஸ்பெஷல் கிளாஸா? இன்னாம்மா நீ, இஸ்கூலே லீவு. யோகா கத்துக்கிற பொண்ணுங்கதான் வந்துகீதுங்க. உன் பொண்ணு மழைக்காலத்துலேந்து ஒரு நாள் வுடாம வந்துகினு கீது. உனுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு ஞானம்மாள் உள்ளே நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாடிப்படிக்குப் பக்கத்தில் நீளமான ஒரு அறை. கதவு ஒருக்களித்திருந்தது. கோரைப்பாய்களில் வரிசையாகப் பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்திகூட அசையவில்லை. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் அன்றைய ஆசனங்களை எழுதியிருந்தார்கள். கடைசியாக இருந்தது சவாசனம். அவள் கண்ணுக்கு அதில் சவம் என்ற பாதிதான் பட்டது.

மூன்றாவது பாயில் சுகிர்தா. கால்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கைகள் மேலே பார்த்து விரிந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினபோது தேவானந்தத்தின் கைகளும் இப்படித்தான் கிடந்தன. மூடிய கண்ணோரத்திலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞானம்மாள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. பாய்களை மிதித்துக்கொண்டு ஓடினாள். மகளின் தோளைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினாள்.

"எழுந்திரு. எழுந்திருடி. இன்னிக்கு நாள் பார்த்து வந்து பொணம் மாதிரி படுத்திருக்கியே."

சுகிர்தா திடுக்கிட்டு விழித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு நின்றது. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. விரல்கள் மடங்கின. மாதக்கணக்காக வராமல் இருந்தது, அம்மாவின் கைக்குள்ளேயே திரும்பி வந்தது. மற்றப் பெண்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

பி.டி. டீச்சர் நாகலக்ஷ்மி ஓடி வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. அவள் சுகிர்தாவின் முதுகைத் தாங்கப் போனாள். ஞானம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். டீச்சர் கோபப்படவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சுகிர்தா பார்க்கும்படியாகத் தானே மெதுவாக மூச்சு விட்டுக்காட்டினாள். சுகிர்தா அவளைப் பார்த்தபடி விக்கி விக்கி மூச்சு விட ஆரம்பித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

ஞானம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தைவிட மோசமான ஒன்று அவள் நெஞ்சுக்குள் புகுந்தது.

எங்களைக் கேட்காமல் வேற்று மதச் சடங்கில் எப்படிச் சேர்க்கலாம் என்று அவள் சத்தம் போட்டாள். இதில் சாமி கிடையாது, உடம்பும் மூச்சும்தான் என்றாள் டீச்சர். மாத வலியில் சுருண்டு கிடந்தவர்கள், பரீட்சை பயத்தில் வாந்தி எடுத்தவர்கள், கூன் விழுந்து நடந்தவர்கள் என்று இந்தப் பிள்ளைகளில் பலரும் தேறியிருப்பதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் இது குணப்படுத்தும் என்று தான் யாரிடமும் சொன்னதில்லை, டாக்டரை விட்டுவிடச் சொன்னதும் இல்லை என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"முதல்ல ரொம்ப நாள் அவ படுக்கவே மாட்டாம்மா. சுவத்துல சாஞ்சுதான் உட்காருவா. இன்னிக்குத்தான் உடம்பை முழுசாத் தளர விட்டா. நீங்க ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

"பெத்தவங்களைக் கேட்காம..."

"அவங்க அப்பாதான் கூட்டிட்டு வந்து சேர்த்தார். தூங்கினா போதும் டீச்சர்னு கண்ணுல தண்ணியோட நின்னார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஞானம்மாள் தரையில் குனிந்தாள். சிதறிய பூவைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். இந்த ஒரு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் கேட் வழியாகப் போனதில்லை. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிச் சுற்றித்தான் போவார்கள். அன்று ஞானம்மாளின் கால்கள் கோபத்தில் எந்த வழி போகிறோம் என்று பார்க்கவில்லை. அவள் புத்தி வேறு எங்கோ இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் முழங்கால் தேய நின்றதெல்லாம் என்ன? சபை நடுவில் சொன்ன சாட்சி என்ன? அவள் பட்டினி கிடந்து கேட்டதை, ஒரு பி.டி. டீச்சர் கோரைப்பாயில் படுக்க வைத்துக் கொடுத்திருக்கிறாள். புருஷனும் மகளும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். சாட்சி சொன்ன அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னவர் அவர்.

மணி அடித்தது. கம்பி இறங்கியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அதே கேட். சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கிக்கொண்டு நின்றன. இரண்டு பையன்கள் கம்பிக்கு அடியில் குனிந்து தாண்டி ஓடினார்கள். தூரத்தில் ஹாரன்.

சுகிர்தாவைத்தான் முதலில் பார்த்தாள். ஆனால் மூச்சு நின்றது ஞானம்மாளுக்கு. காது அடைத்தது. ஓரத்தில் கிடந்த கல்லில் உட்காரப்போய், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தாள். இழுக்க இழுக்க நெஞ்சு இறுகிற்று.

சுகிர்தா அவள் எதிரில் மண்டியிட்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இழுக்காதம்மா. வெளிய விடு. மொதல்ல வெளிய விடு. உள்ள அதுவா வரும்."

ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. சுகிர்தா அந்தக் கையை விடவில்லை. அவள் வயிறு ஞானம்மாளின் உள்ளங்கைக்கு அடியில் மெதுவாக ஏறி இறங்கியது. வேறு வழியில்லாமல் ஞானம்மாள் அதோடு சேர்ந்து மூச்சை விட்டாள். மறுபடி விட்டாள். கடைசிப் பெட்டி கடந்தபோது காது திறந்துகொண்டது. கண்ணில் நீர் கொட்டிற்று.

கேட் திறந்து கூட்டம் நகர்ந்து போனது. இருவரும் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுகிர்தா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞாபகம் வந்துடுச்சும்மா. அங்க படுத்துகினு இருந்தப்ப."

ஞானம்மாள் திரும்பினாள்.

"அண்ணன் தானா ஓடல. அந்தப் பக்கம் அப்பா நின்னாரு. கையை ஆட்டி வா வான்னு கூப்பிட்டாரு. அண்ணன் என் கையை உதறிட்டு ஓடுச்சு."

"அவருக்கு அன்னிக்கு டியூட்டிடி. ஷெட்டுக்கு ஆள் போய்ச் சொல்லித்தான் வந்தாரு. நீ எதையோ கனவு கண்டுட்டு உளறாத."

"கனவா இருக்கலாம். ஆனா நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு."

ஷெட்டுக்குப் போகிறவர் காக்கியில்தான் போவார், காக்கியில்தான் வருவார். கனவு காண்கிறவள் அவரைக் காக்கியில்தானே கண்டிருக்கவேண்டும்? மகனை எடுத்துக்கொண்டு வந்த அன்று வாசலில் விழுந்து புரண்ட புருஷனுக்கு என்ன உடுப்பு என்று நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அன்று அவள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது யேசுதாசன் கூடத்தில் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போய் முகம் கழுவிக்கொள் என்று மகளை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஸ்கூலுக்குப் போனாயா என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவருக்கு ஒருவிதத்தில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். மாத்திரையில் பிள்ளை மரக்கட்டையாகிக்கொண்டு வந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். கூட வேலை செய்கிறவரின் மகள் இப்படித்தான் தேறினாளாம்.

"உன்கிட்ட சொன்னா விடமாட்டன்னுதான் சொல்லல. அவ தூங்கணும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

ஞானம்மாள் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். காலையில் இதைக் கேட்டிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இப்போது அவர் வாயையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் ஒரு வருஷமாக நற்கருணை வாங்கப் போகவில்லை. கர்த்தர்மேல் கோபம் என்று அவள் நினைத்திருந்தாள். மகன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். அதைத் துக்கம் என்று நினைத்திருந்தாள். சுகிர்தா மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறவர் அவர்தான். அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம் இல்லை என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்னிக்கு எங்கே இருந்தீங்க என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. பின்னாலேயே சபைப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

கூடம் நிறைந்தது. பாட்டுப் பாடினார்கள். போதகர் வேதத்திலிருந்து வாசித்தார், சின்ன வயதில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களைப் பற்றிப் பேசினார். யேசுதாசன் ஆண்களோடு உட்காராமல் வாசற்படி ஓரமாகவே நின்றார். சுகிர்தா சுவரோரம் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

வந்திருப்பவர்களில் துக்கத்தில் இருக்கிற வேறு தாய்மாரும் உண்டு, அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று போதகர் ஞானம்மாளைப் பார்த்தார். சர்ச்சில் சொன்ன சாட்சியை இங்கேயும் சொல்லும்படி கேட்டார்.

ஞானம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். போன மாதம் எழுந்து நின்றபோது சொற்கள் தானாக வந்தன. இப்போது ஒன்றும் வரவில்லை. மூச்சை வெளியே விட்டாள். பிறகு பேசினாள்.

"என் உபவாசத்தாலதான் என் பொண்ணு தேறினான்னு சபையில சொன்னேன். எனக்குத் தெரிஞ்சதைத்தான் அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்கு வேற தெரிஞ்சுது. அவ ஸ்கூல்ல யோகா கத்துக்குறா. தூங்குறதும் சாப்பிடுறதும் பரீட்சை எழுதுறதும் அதனாலதான். கர்த்தர் அதைக் காட்டினாரா, அவங்கப்பா காட்டினாரா, எனக்குச் சொல்லத் தெரியல."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். போதகர் கையை உயர்த்தி அமர்த்தினார். ஜெபம் பண்ணித்தரச் சொல்லி வீடு தேடி வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஞானம்மாளுக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வாசற்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ நல்லா மூச்சு விட ஆரம்பிச்சிட்டா. இனிமே மறந்துபோனதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும்."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. யேசுதாசனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போவதை அவளால் பார்க்க முடிந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே வழி தேடித் தேடி அவளிடம் வந்தார். துக்கம் தாங்காமல் வருகிறார் என்று எண்ணி எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

அவள் காதருகே குனிந்தார்.

"என்ன ஞாபகம்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. மூச்சு மட்டும் ஒரே சீராகப் போய் வந்தது.

ஜெபிப்போமாக என்றார் போதகர். எல்லாரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள்.

அந்தக் கூடத்தில் மூன்று பேர் மட்டும் கண்ணை மூடவில்லை.